டின்னர்: மதியமா, இரவா?

டின்னர் என்றால் ‘இரவு உணவு’ என்றே அகராதிகள் பழக்கிவிட்டன. லண்டன் உணவகத்தின் அறிவிப்புக்கு அது சரி. இங்கிலாந்தின் வடக்கே யார்க்‌ஷயரிலும் லங்காஷயரிலும் பல வீடுகளில் டின்னர் நண்பகல் சாப்பாடு. மாலை ஐந்து ஆறு மணிக்கு உண்பது டீ. நாடெங்கும் பள்ளியில் மதியச் சோறு போடும் பெண்களுக்கு ‘டின்னர் லேடி’ என்றே பெயர்.

வேர், பேச்சு லத்தீனின் ‘டிஸ்ஜெஜூனாரே’. பொருள், நோன்பை முறித்தல். பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது அது நாளின் பெரிய சாப்பாட்டைக் குறித்தது. இடைக்காலத்தில் அதை உச்சிப்பொழுதுக்கு முன்பே முடித்துவிடுவார்கள். 18, 19ஆம் நூற்றாண்டுகளில் மேல்தட்டினர் அதைத் தள்ளித்தள்ளி இரவுக்குக் கொண்டுபோனார்கள். நடுவில் விழுந்த இடைவெளியை லஞ்ச் நிரப்பியது. உடலுழைப்பாளிகளுக்கு நண்பகலில்தான் பசி. அவர்கள் பழைய நேரத்தை விடவில்லை. பிரெஞ்சிலும் இதே பிளவு உண்டு: ‘தீனே’ பாரிசில் இரவு உணவு, கியூபெக்கில் மதிய உணவு.

ஆக, டின்னர் காட்டுவது சாப்பாட்டின் அளவை, கடிகாரத்தை அல்ல. மொழிபெயர்க்கும்போது மூன்றைப் பாருங்கள்: பேசுபவர் எந்த ஊர், மணி என்ன, தட்டில் என்ன. மதியம் என்றால் ‘பகலுணவு’, இரவு என்றால் ‘இரவு உணவு’, அழைப்பிதழ் கொடுத்து நடப்பது என்றால் ‘விருந்து’. கிறிஸ்துமஸ் டின்னரைப் பலர் பிற்பகல் இரண்டு மூன்று மணிக்கே உண்பதால் ‘கிறிஸ்துமஸ் விருந்து’ என்பதே பொருந்தும்.

அதிகம் சறுக்குவது டீயில்தான். ‘வாட்ஸ் ஃபார் டீ?’ என்று வடக்கத்திப் பிள்ளை கேட்டால், ‘ராத்திரிக்கு என்னம்மா சாப்பாடு?’ என்று எழுதுங்கள். ‘தேநீருக்கு என்ன?’ என்றால் உருளைக்கிழங்கும் இறைச்சியும் இருக்கும் தட்டு, வாசகர் கண்ணில் பிஸ்கட் தட்டாகிவிடும். ஹை டீ என்பதும் முதலில் உழைப்பாளி வீட்டு மாலைச் சாப்பாடுதான்: உயரமான சாப்பாட்டு மேசையில் இறைச்சி, ரொட்டி, கூடவே தேநீர். அடுக்குத் தட்டில் சின்ன சாண்ட்விச்சும் ஸ்கோன் என்ற சிறு ரொட்டியும் வருவது ஆஃப்டர்நூன் டீ. அதற்கு ‘மாலைச் சிற்றுண்டி’ போதும். நட்சத்திர விடுதிகள் பல இதையே ஹை டீ என்று விற்பதால் குழப்பம் கூடுகிறது.

சப்பர், சூப்புக்கு உறவான சொல். வடக்கில் அது படுக்குமுன் கொறிப்பது. தெற்கில் வசதியான வீடுகளில், ஆடம்பரமில்லாத இரவுச் சாப்பாடு.