நோயாளியைக் காக்கும் நீர் மாத்திரை பாடிபில்டரைக் கொல்வது எப்படி?

"இதய நோயாளிகள் வருடக்கணக்கில் நீர் மாத்திரை சாப்பிட்டு நன்றாகத்தானே இருக்கிறார்கள்? திடகாத்திரமான பாடிபில்டர் அதையே இரண்டு நாள் சாப்பிட்டால் ஏன் உயிர் போகிறது?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். நீர் மாத்திரை என்பது சிறுநீரை அதிகமாக வெளியேற்றும் மருந்து. எனவே அவர் கேள்விக்குப் பதில் சிறுநீரகத்துக்குள்தான் இருக்கிறது. அதற்கு முன் போட்டி மேடையைக் கொஞ்சம் பார்த்துவிடலாம்.

ஆணழகன் போட்டிக்குத் தயாராகிறவர் மாதக்கணக்கில் டயட் இருந்து கொழுப்பைக் கரைத்திருப்பார். கடைசி சில நாட்களில் அவர் குறி வைப்பது தண்ணீரை. தோலுக்கும் தசைக்கும் நடுவே நிற்கும் தண்ணீரை எடுத்துவிட்டால் தசை நார்கள் வரி வரியாகத் தெரியும், ஜிம் மொழியில் 'ட்ரை' ஆகிவிடலாம் என்பது நம்பிக்கை. அதற்காக உப்பை நிறுத்துவார்கள், தண்ணீரை நிறுத்துவார்கள், அதற்கும் மேலே நீர் மாத்திரை. 1992 அக்டோபரில் முகமது பெனாசிசா நெதர்லாந்தில் ஒரு போட்டி முடிந்த சில மணி நேரத்தில் இறந்தார். 1994 ஆர்னால்ட் கிளாசிக் போட்டியில் பால் டில்லெட் போஸ் கொடுத்தபடியே விறைத்துப்போய், மேடையிலிருந்து தூக்கிச் செல்லப்பட்டார். 1996 மார்ச்சில் ஆஸ்திரியாவின் ஆண்ட்ரியாஸ் முன்சர் 31 வயதில் உறுப்புகள் ஒன்றன்பின் ஒன்றாகச் செயலிழந்து மாண்டார். அவர் எடுத்துக்கொண்ட பல மருந்துகளில் நீர் மாத்திரையும் உண்டு.

இனி சிறுநீரகம். நாளொன்றுக்கு அது வடிகட்டுவது சுமார் 180 லிட்டர். வெளியே போவது ஒன்றரை லிட்டர்தான், மீதி அத்தனையும் ரத்தத்துக்கே திரும்பிவிடும். பெரும்பங்கு நெஃப்ரானின், அதாவது சிறுநீரகத்துக்குள் இருக்கும் நுண்ணிய வடிகட்டும் குழாயின், முதல் பகுதியிலேயே மீட்கப்படுகிறது என்பது பள்ளிப் பாடம். எனக்குப் பிடித்தது அடுத்த பகுதி, ஹென்லே வளைவு.

நெஃப்ரான் குழாய் இங்கே சிறுநீரகத்தின் ஆழத்துக்கு இறங்கி, கொண்டை ஊசியாகத் திரும்பி, மேலே ஏறுகிறது. இறங்கு குழாயின் சுவர் வழியே தண்ணீர் வெளியேறும். ஏறு குழாயின் சுவரில் தண்ணீர் நுழையவே முடியாது, ஆனால் அங்கே உப்பை வெளியே தள்ளும் பம்ப்புகள் இருக்கின்றன. பம்ப் தள்ளிய உப்பு சுற்றியுள்ள திசுவில் சேர்கிறது. அந்த உப்பு பக்கத்தில் இறங்கிக்கொண்டிருக்கும் குழாயிலிருந்து தண்ணீரை இழுக்கிறது. தண்ணீர் போனதால் அந்தக் குழாயில் இருப்பது இன்னும் உப்பாகிறது. அதுதான் வளைவைத் தாண்டி ஏறு குழாய்க்கு வருகிறது. எனவே பம்ப்புக்குத் தள்ள இன்னும் அதிக உப்பு கிடைக்கிறது! ஒரு பம்ப் தனியாக உண்டாக்கும் வித்தியாசம் சிறியது. இரண்டு குழாய்களும் எதிரெதிர் திசையில் ஓடுவதால் அந்தச் சிறிய வித்தியாசம் படிப்படியாகப் பெருகி, சிறுநீரகத்தின் அடியாழத்தில் ரத்தத்தைப்போல நான்கு மடங்கு அடர்த்தியான உப்புப் பகுதி உருவாகிவிடுகிறது. கடைசியில் சிறுநீரைச் சேர்த்து வெளியே கொண்டுபோகும் சேகரிப்பு நாளம் இந்தப் பகுதி வழியாகத்தான் இறங்கியாக வேண்டும். அப்போது உப்பு அதிலிருந்து தண்ணீரை உறிஞ்சி உடலுக்கு மீட்டுத் தருகிறது. நாம் தாகத்தைத் தாங்குவதே இந்த உப்புக் குவியலின் தயவில்தான்.

இப்படித்தான் நடக்க வேண்டும் என்று 1942இல் முதலில் யோசித்தவர் வெர்னர் கூன் என்ற இயற்பியல் வேதியியலாளர், மருத்துவர் அல்ல. அதற்குச் சோதனை ஆதாரம் வந்தது 1951இல். இதனால் உடனே என்ன பயன் என்று மட்டுமே கேட்டு நிதி ஒதுக்கினால் இத்தகைய யோசனைகளுக்கு இடமே இருக்காது என்பது என் உறுதியான கருத்து.

ஏறு குழாயின் பம்ப் ஒரு சோடியம், ஒரு பொட்டாசியம், இரண்டு குளோரைடு என நான்கு அயனிகளையும் சேர்த்தே தூக்கும். ஒன்று குறைந்தாலும் நகராது. ஃபுரோசமைடு என்ற நீர் மாத்திரை குளோரைடு உட்காரும் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. அது அங்கே போய்ச் சேரும் வழியும் அழகு. ரத்தத்தில் அல்புமின் புரதத்தோடு ஒட்டியிருப்பதால் இந்த மருந்து சிறுநீரகத்தின் சல்லடை வழியே வடிவதில்லை. கழிவு என்று நினைத்து நெஃப்ரானின் முதல் பகுதியே அதைக் குழாய்க்குள் தள்ளிவிடுகிறது. ஓட்டத்தோடு போய் அது பம்ப்பை அடைக்கிறது. உப்புக் குவியல் சரிகிறது. தண்ணீரைப் பிடித்து வை என்று மூளை எத்தனை ஹார்மோன் அனுப்பினாலும் பிடித்து வைக்கச் சிறுநீரகத்தால் முடியாது.

இதய நோயாளியின் காலிலும் நுரையீரலிலும் லிட்டர் கணக்கில் உபரி நீர் தேங்கியிருக்கிறது. ரத்தத்திலிருந்து நீர் குறையக் குறைய, அந்தத் தேக்கத்திலிருந்து ரத்தக் குழாய்க்குள் நீர் ஊறி வந்து ஈடுகட்டும். எடை பார்த்து, ரத்தம் சோதித்து, மருத்துவர் அளவை மாற்றிக்கொண்டே இருப்பார். பாடிபில்டரிடம் அந்த உபரி கிடையாது. தோலுக்கடியில் இருக்கும் நீர் தனிக் குட்டையில் தேங்கியதல்ல. உடல் முழுக்க செல்களைச் சுற்றி நிற்கும் அதே நீர், ரத்தத்தோடு ஓயாமல் கலந்துகொண்டிருப்பது. அதை மட்டும் எடுக்கும் மருந்து உலகில் இல்லை. ரத்தத்தின் அளவு குறைகிறது, அழுத்தம் விழுகிறது, சிறுநீரகத்துக்கே ரத்தம் போதாமல் போகிறது. தசையில் முக்கால் பங்கு தண்ணீர் என்பதால் தசையும் வற்றித் தட்டையாகிறது. எந்தத் தோற்றத்துக்காக இதைச் செய்கிறார்களோ அதுவே கெடுகிறது. ஒரு கோச் இன்னொரு கோச்சுக்குச் சொல்லிச் சொல்லி வளர்ந்த மூடநம்பிக்கை என்றே இதைச் சொல்வேன்.

உயிரைப் பறிப்பது பெரும்பாலும் பொட்டாசியம். உடலின் பொட்டாசியத்தில் 98 சதவீதம் செல்களுக்குள் இருக்கிறது. ரத்தத்தில் லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லிமோல்தான். பம்ப் அடைபட்டதால் மீட்கப்படாத சோடியம் குழாயின் கடைக்கோடிக்கு வருகிறது. அங்கே ஆல்டோஸ்டீரோன் ஹார்மோனின் கட்டளைப்படி சோடியத்தை வாங்கிக்கொண்டு பொட்டாசியத்தை வெளியேற்றுகின்றன அங்குள்ள செல்கள். உப்பையும் தண்ணீரையும் நிறுத்தியதால் ஆல்டோஸ்டீரோன் ஏற்கெனவே உச்சத்தில் இருக்கும். இந்த நிலையில் போட்டிக்கு முன் தசை உப்பட்டும் என்று மாவுச்சத்தை நிறையச் சாப்பிடுவார்கள். இன்சுலின் சுரந்து, ரத்தத்தில் மிஞ்சிய பொட்டாசியத்தையும் செல்களுக்குள் தள்ளிவிடும். கொழுப்பைக் கரைக்க எடுக்கும் கிளென்புடெரால் செய்வதும் இதையேதான்.

ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் இதயச் செல் பொட்டாசியத்தை வெளியே விட்டுத்தான் அடுத்த துடிப்புக்குத் தயாராகும். வெளியே பொட்டாசியம் குறைந்தால் அது இன்னும் சுலபமாக வெளியேற வேண்டும் என்றுதானே தோன்றும்? நடப்பது நேர்மாறு. அந்த வேலைக்காகச் செல்லின் சவ்வில் இருக்கும் முக்கியக் கால்வாய் திறந்திருக்கவே வெளியில் ஓரளவு பொட்டாசியம் வேண்டும். அது குறைந்தால் கால்வாய் மந்தமாகி, செல் தயாராகத் தாமதிக்கிறது. அந்த இடைவெளியில் தாறுமாறான துடிப்புகள் நுழைந்து இதயம் வெறுமனே நடுங்கத் தொடங்கும். ஸ்டீராய்டால் சுவர் தடித்த இதயத்தில் இந்த ஆபத்து இன்னும் அதிகம்.

ஸ்பைரோனோலாக்டோன் என்ற இன்னொரு வகை நீர் மாத்திரை வேலை செய்வது எதிர்த்திசையில். அது ஆல்டோஸ்டீரோனைத் தடுத்துப் பொட்டாசியத்தை உடலிலேயே நிறுத்திவிடும். தசைப் பிடிப்புக்குப் பயந்து பொட்டாசியம் மாத்திரையும் சேர்த்து விழுங்கினால் ரத்தத்தில் அளவு எகிறி, இதயம் ஒரேயடியாக நின்றுபோகும்.

1996 மிஸ்டர் ஒலிம்பியா போட்டியில் மூன்றாவதாக வந்த நாசர் எல் சோன்பாட்டி நீர் மாத்திரைச் சோதனையில் சிக்கித் தகுதியிழந்தார். உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பும் இவற்றைத் தடை செய்திருக்கிறது. ஆனால் வறண்ட உடலுக்கு நடுவர்கள் மதிப்பெண் தருகிறவரை சோதனை மட்டும் போதாது.

பொட்டாசியம் குறைந்தாலும் கூடினாலும் வெளியே தெரிவது ஒரே மாதிரிதான்: தசை தளர்ச்சி, படபடப்பு, மயக்கம். பக்கத்தில் இருப்பவர் கண்ணால் பார்த்து எது என்று சொல்ல முடியாது. ஒன்றுக்குப் பொட்டாசியம் மருந்து, மற்றொன்றுக்கு அதுவே விஷம். ஈசிஜியும் ரத்தப் பரிசோதனையும்தான் பிரித்துக் காட்டும். எனவே மேடைக்குப் பின்னால் ஒருவர் சுருண்டு விழுந்தால் கையில் கிடைத்த மாத்திரையையோ பானத்தையோ வாயில் ஊற்றாமல் உடனே ஆம்புலன்சை அழைக்க வேண்டும். அவர் எந்த நீர் மாத்திரை, எத்தனை, எப்போது சாப்பிட்டார் என்பதைத் தடை, தகுதியிழப்பு என்று எதற்கும் பயந்து மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.