எடுத்து வைத்துவிட்டால் போதுமா?

பெர்த்தில் தமிழ் வீடுகளுக்குச் சாப்பிடப் போனால், நான் தொல்லியல் வேலை பார்ப்பவன் என்று தெரிந்ததும் யாராவது ஜூக்கன் பள்ளத்தாக்கைப் பற்றிக் கேட்பார்கள். இங்குள்ள நம்மவர்கள் பலருக்கு, மேற்கு ஆஸ்திரேலியாவின் வடக்கே இருக்கும் பில்பரா சுரங்கங்களில்தான் சம்பளம். "அங்க கிடைச்சதையெல்லாம் முன்னாடியே எடுத்து வெச்சுட்டாங்களே, அப்புறம் என்ன?" என்பார்கள். அந்த 'அப்புறம் என்ன'வுக்கு ரசம் வருவதற்குள் பதில் சொல்லி முடிந்ததில்லை.

2020 மே 24 அன்று, தன் புரோக்மன் 4 இரும்புத்தாதுச் சுரங்கத்தை விரிவாக்க ரியோ டின்டோ நிறுவனம் வைத்த வெடியில் ஜூக்கனின் இரண்டு பாறைக்குகைகள் சிதைந்தன. பூட்டு குந்தி குர்ரமா, பினிகுரா என்ற பழங்குடி மக்களின் நிலம் அது. சுமார் 46,000 ஆண்டுகளுக்கு முன்பிருந்தே மனிதர்கள் வந்து தங்கிய இடம்.

ஆனால் அனுமதி இருந்தது. மேற்கு ஆஸ்திரேலியாவின் 1972ஆம் ஆண்டுப் பழங்குடிப் பாரம்பரியச் சட்டத்தின் 18ஆவது பிரிவின்கீழ் 2013இல் அமைச்சர் கையெழுத்திட்டது. எனக்கு இதில் உறுத்துவது தேதிகளின் வரிசைதான். 2008இல் தோண்டிய சிறு சோதனைக்குழி, அந்த இடத்துக்கு ஏறத்தாழ 20,000 ஆண்டு வயது சொன்னது. அனுமதி வந்தபிறகு, 2014இல், 'போவதற்குள் எடுத்துவிடுவோம்' என்று நடத்திய பெரிய அகழாய்வில் வயது இரண்டு மடங்குக்கு மேல் போயிற்று. 7,000 பொருள்கள் கிடைத்தன. கூராகத் தீட்டிய கங்காரு எலும்பு ஒன்று, 28,000 ஆண்டுப் பழையது. மனிதத் தலைமுடியில் பின்னிய இடுப்புப்பட்டையின் ஒரு துண்டு, 4,000 ஆண்டு. அதன் மரபணு இன்றைக்கும் அங்கே வாழும் மக்களோடு பொருந்தியது. கொள்ளுத்தாத்தாவின் அரைஞாண் கிடைத்த மாதிரி. ஆனாலும் புதிதாகத் தெரிந்ததை வைத்து அனுமதியைத் திரும்பப் பார்க்க அந்தச் சட்டத்தில் வழியே இல்லை.

சுரங்கக் குழிக்கு நான்கு வரைபடங்கள் இருந்ததாகவும், அவற்றில் மூன்று வரைபடங்கள் குகைகளைத் தொடாதவை என்றும் பின்னர் நாடாளுமன்றக் குழுவிடம் அந்த நிறுவனமே ஒப்புக்கொண்டது. நான்காவதில் 80 லட்சம் டன் தாது கூடுதல். தலைமை நிர்வாகியும் இரண்டு உயரதிகாரிகளும் பதவி விலகினார்கள்.

சரி, பொருள்கள்தான் பெட்டியில் பத்திரமாக இருக்கின்றனவே?

குழியில் இறங்கினால் ஒரு மீட்டர் சதுரம் கட்டி, கரணையால் ஐந்து ஐந்து சென்டிமீட்டராகச் சுரண்டுவோம். சிவப்பு மண்ணில் உள்ளங்கை அகலத்துக்குச் சாம்பல் நிறம் தட்டும். அதற்கு ஒரு முழம் தள்ளி ஒரே கல்லிலிருந்து உடைந்த நாலைந்து சில்லுகள் அரைவட்டமாகக் கிடக்கும். ஆக, அடுப்புக்கு முதுகு காட்டாமல் ஒருவர் உட்கார்ந்து கல் செதுக்கியிருக்கிறார். அதே மண்ணை அள்ளிச் சலித்தால் சில்லுகள் சல்லடையில் நிற்கும். அவர் உட்கார்ந்திருந்தது நிற்காது.

மணலின் வயதைக் கணிப்பதும் அப்படித்தான். மணல்துகள் கடைசியாக எப்போது வெயில் பார்த்தது என்று ஆய்வுக்கூடத்தில் அளக்கிறோம். அதற்காகக் கறுப்புத் துணி போர்த்திக்கொண்டு, குழிச்சுவரில் இரும்புக்குழாயை அடித்து இறக்கி, வெளிச்சம் படாமல் எடுப்போம். அடுக்கு கலைந்துவிட்டால் அந்தத் துகள் சொல்லும் வயதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. நாங்கள் ஓர் இடத்தை முழுக்கத் தோண்டாமல் ஒரு பகுதியை வேண்டுமென்றே விட்டுவைப்பதும் இதனால்தான். நாற்பது வருடம் முன்பு அந்த முடிப்பட்டை கிடைத்திருந்தால் மரபணு பார்த்திருக்க முடியாது. வெடி கொண்டுபோவது இந்த மிச்சத்தை.

என் பிழை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு சிறு குகையில் அரை மீட்டர் சதுரத்தில் குழி போட்டேன். ஒன்றரை அடியில் கல் தட்டியது. அடிப்பாறை வந்துவிட்டது என்று மூடி, 'முக்கியத்துவம் குறைவு' என்று அறிக்கை எழுதினேன். கூட வந்திருந்த அந்நிலத்துப் பெரியவர் (அங்கேயும் பெரியவர்களை அங்கிள், ஆன்ட்டி என்றுதான் கூப்பிட வேண்டும், நமக்குப் பழகின பாட்டுத்தான்) அந்தக் கல்லைக் குதிகாலால் தட்டிப் பார்த்து, "இது கூரை" என்றார். நான் அதைக் குறிப்பேட்டில் எழுதக்கூட இல்லை. மூன்று வருடம் கழித்து வேறொரு குழு அந்தக் கல்லைப் புரட்டியது. குகையின் கூரையிலிருந்து என்றோ விழுந்த பலகைதான். அதற்கடியில் இன்னும் ஒரு மீட்டருக்குச் சாம்பலும் சில்லும். அதுவரை அந்தக் குகை பிழைத்திருந்ததற்குக் காரணம் என் அறிக்கை அல்ல. தாது விலை விழுந்து வேலை தள்ளிப்போனது.

ஜூக்கனுக்குப் பிறகு கொண்டுவந்த புதிய சட்டம் 2023 ஜூலை 1இல் நடைமுறைக்கு வந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் அடுத்த மாதமே அதைக் கைவிடுவதாக அரசு அறிவித்தது. இப்போது இருப்பது திருத்திய பழைய சட்டம். அனுமதிக்குப் பின் புதிய தகவல் தெரிந்தால் அமைச்சரிடம் சொல்லியாக வேண்டும் என்பது அதில் சேர்ந்திருக்கிறது. அதையாவது பயன்படுத்தாமல் விடக்கூடாது.

ஆகவே சுரங்கத்தில் வேலை பார்க்கும் தம்பி, தங்கைகளே: ஓரம் கத்திபோல் கூராக, அடிபட்ட முனையருகே சிறு குமிழ்போல் புடைத்திருக்கும் கல்சில்லைத் தரையில் பார்த்தால் குனிந்து எடுக்காதீர்கள். கிடக்கும் நிலையிலேயே படம் எடுத்து, நின்ற இடத்தைக் குறித்து, வேலையை நிறுத்திவிட்டு உங்கள் தளத்தின் பாரம்பரியப் பிரிவுக்குச் சொல்லுங்கள். படத்தை வாட்ஸ்அப்பில் சுற்றவிட வேண்டாம். இடம் தெரிந்தால் பொறுக்க ஆள் வரும்.

போன தீபாவளிக்கு ஒரு நண்பர் வீட்டில் சாப்பிட்டு முடித்ததும் அவர் ஷோகேஸைத் திறந்து, பஞ்சில் பொதிந்த ஒரு சில்லைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார். அருமையான வேலைப்பாடு, ஓரம் முழுக்கப் பல்பல்லாகச் செதுக்கியது. எங்கே எடுத்தீர்கள் என்று கேட்டேன்.

"டாம் பிரைஸ் பக்கம் சார். இல்ல... பாராபர்டூ போற வழியோ? வண்டியை ஓரம் கட்டினப்ப கிடைச்சது" என்றார்.