அப்சர்வேட்டரி: மழை ஆபீஸா, வெள்ளி பார்க்கிற இடமா?

காவலூருக்குப் போய்விட்டு வந்த மறுநாள் காலை, காங்கேயத்துப் பக்கம் எங்கள் தோட்டத்துச் சாளையில் அப்பாரு (தாத்தா) கேட்ட முதல் கேள்வி: "ஏங்கண்ணு, அத்தன தூரம் போனியே, மழ எப்பன்னு கேட்டுட்டு வந்தியா?"

நான் போனது ஜவ்வாது மலைக் காவலூரில் இருக்கும் வைணு பாப்பு அப்சர்வேட்டரிக்கு, தொலைநோக்கி வைத்து நட்சத்திரம் பார்க்கிற இடத்துக்கு. ஈரோடு, சேலம், திருப்பத்தூர் தாண்டிப் போக வேண்டும். வீட்டில் 'வானாய்வு மையம்' என்று நல்ல தமிழில் சொல்லிவிட்டுக் கிளம்பியதுதான் வினை. மானாவாரியில் கடலை போட்டுவிட்டு மேற்கே பார்த்துக்கொண்டிருக்கும் மனுஷனுக்கு வானம் என்றால் மழைதான். அந்த மாதிரி நிலத்துக்கே 'வானம் பார்த்த பூமி' என்றல்லவா பெயர் வைத்திருக்கிறோம்? வானத்தை ஆய்கிற மையம் மழையைச் சொல்லாமல் வேறு எதைச் சொல்லும்?

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. இந்தக் குழப்பத்துக்கு வயது நூற்றுக்கு மேல் ஆகிறது. வில்லியம் பெட்ரி என்ற கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி 1786-ல் சென்னையில் தன் சொந்தக் கருவிகளைக் கொண்டு நட்சத்திரம் பார்க்க ஆரம்பித்தார். 1792-ல் நுங்கம்பாக்கத்தில் அதற்கென்றே ஒரு கட்டடம் எழும்பியது. அதுதான் மெட்ராஸ் அப்சர்வேட்டரி. கருவியைத் தாங்கிய கருங்கல் தூணில் தமிழிலும் எழுத்து வெட்டி வைத்தார்கள், பின்னால் வருகிறவர்கள் தெரிந்துகொள்ளட்டும் என்று. 1861-ல் அங்கே வானியலாளராக இருந்த போக்சன் 'ஆசியா' என்ற சிறுகோளைக் கண்டுபிடித்தது அங்கிருந்துதான். அவருக்கு உதவியாளராக இருந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி, ஒளி கூடிக் குறைகிற விண்மீன் ஒன்றை 1867-ல் கண்டறிந்ததும் அங்கேதான். அதே இடத்தில் மழையளவு, காற்று, வெயில் எல்லாம் குறித்து வந்தார்கள். 1899-ல் வானியல் வேலை கொடைக்கானல் மலைக்கு ஏறியது. வானிலை வேலை நுங்கம்பாக்கத்திலேயே தங்கிவிட்டது. புயல் வந்தால் டிவியில் காட்டுகிறார்களே, அந்த வானிலை அலுவலக வளாகத்தில்தான் பழைய தூண் இன்னும் நிற்கிறது. ஒரே வீட்டில் பிறந்த அண்ணன் தம்பி, பாகம் பிரிந்து போனார்கள். பெயர் மட்டும் பிரியவில்லை.

வானிலை, வானியல். எழுதும்போது ஒன்றிரண்டு எழுத்துதான் வித்தியாசம். ஓடுகிற பஸ்ஸிலிருந்து போர்டு படித்தால் கண் தவறும்.

சரி, சொல்லுக்கு வருவோம். ஆங்கிலத்தின் அப்சர்வேட்டரிக்கு அடியில் இருப்பது 'சர்வாரே' என்ற லத்தீன் வினை. காத்தல், பேணுதல் என்று பொருள். 'ஓப்' என்ற முன்னொட்டு சேர்ந்து 'ஓப்சர்வாரே' ஆகும்போது, கண் வைத்துக் காத்திருத்தல், கவனமாகப் பார்த்துக்கொள்ளுதல் என்றாகிறது. ஆய்வு, சோதனை என்ற பொருள் அந்த வேரில் இல்லை. காவல்தான் இருக்கிறது. இதைப் படித்தபோது எனக்குப் பரண் ஞாபகம் வந்தது. தினைப்புனத்தில் கிளி ஓட்டப் போட்ட பரணைச் சங்கப் பாட்டுகள் இதணம் என்கின்றன. தாளவாடிப் பக்கம் யானைக்கும் பன்றிக்கும் பயந்து இன்றைக்கும் ராத்திரியில் பரண்மேல் உட்கார்ந்திருக்கிறவர்கள் உண்டு. விடிய விடிய விழித்திருக்க வேண்டும், ஒன்றும் வராத ராத்திரிதான் அதிகம், வந்த ராத்திரியில் தூங்கிவிட்டால் வெள்ளாமை போச்சு. அப்சர்வேட்டரி வேலையும் ஏறக்குறைய அப்படித்தான். காவலூர் என்ற ஊர்ப் பெயரிலேயே காவல் ஒட்டிக்கொண்டிருப்பதைச் சும்மா ஒரு பெயர்ப் பொருத்தமாக எடுத்துக்கொள்ளலாம்.

காத்திருந்து பார்த்ததற்கு ஒரு நல்ல உதாரணம் சிலி நாட்டில் இருக்கிறது. அட்டகாமா பாலைவனத்தில் பரனால் என்ற மலை, 2,635 மீட்டர் உயரம். (நம் பரணுக்கும் அந்தப் பரனாலுக்கும் உறவு ஒன்றும் இல்லை. யாராவது ஆரம்பித்து வைப்பதற்குள் சொல்லிவிடுகிறேன்.) அங்கே 8.2 மீட்டர் விட்டமுள்ள கண்ணாடி கொண்ட நான்கு தொலைநோக்கிகள் நிற்கின்றன. நம் பால்வீதியின் நடுவில், தனுசு ராசித் திசையில், எஸ்2 என்று பெயரிட்ட ஒரு விண்மீன் கண்ணுக்குத் தெரியாத எதையோ சுற்றிக்கொண்டிருக்கிறது. ஒரு சுற்றுக்கு 16 ஆண்டு. ஜெர்மன் வானியலாளர் ரைன்ஹார்ட் கென்செலின் குழு அந்தப் பகுதியை 1992-ல் சிலியிலேயே லா சில்லா மலையிலிருந்து பார்க்க ஆரம்பித்து, பிறகு பரனாலிலிருந்து தொடர்ந்தது. 2018 மே மாதம் எஸ்2 அந்த மையத்தை ஒட்டி, நொடிக்கு 7,000 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் பாய்ந்து போனது. ஐன்ஸ்டைன் சொன்னபடியே அதன் ஒளி சிவப்புப் பக்கம் நகர்ந்ததை அளந்தார்கள். சூரியனைப் போல 40 லட்சம் மடங்கு எடையுள்ள கருந்துளையை அது சுற்றுகிறது. ஹவாய்த் தீவின் கெக் தொலைநோக்கிகளிலிருந்து இதே விண்மீனைத் தொடர்ந்த ஆண்ட்ரியா கெஸும் கென்செலும் 2020-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். இதில் யாரும் எதையும் தொடவில்லை, சூடாக்கவில்லை, உடைத்துப் பார்க்கவில்லை. கால் நூற்றாண்டு ஒரே இடத்தில் கண் வைத்திருந்தார்கள், அவ்வளவுதான்.

பரனாலின் அன்றாட வேலையில், சினிமாப் படத்தில் காட்டுகிற மாதிரி குழாயில் கண் வைக்கிறவர் எவருமில்லை. மத்தியானமே வேலை தொடங்கிவிடும். அன்றிரவு எந்தக் கருவி, எந்த வடிகட்டி என்று பார்த்து, அளவு சரியாக இருக்கிறதா என்று விளக்கைக் காட்டிச் சோதிப்பார்கள். பொழுது சாய்ந்ததும் கூண்டின் கதவு திறக்கும், உள்ளே இருக்கும் காற்று வெளிக் குளிருக்கு இறங்கும். அப்புறம் விடிகிறவரை கட்டுப்பாட்டு அறையில் கம்ப்யூட்டர் முன்னால் தொலைநோக்கியை இயக்குகிறவரும் வானியலாளரும் உட்கார்ந்திருப்பார்கள். தங்குமிடத்தில் ஜன்னல் வெளிச்சம் வெளியே கசியக்கூடாது. காற்று ஓர் அளவுக்கு மேல் அடித்தால் கதவைச் சாத்த வேண்டியதுதான். கண்ணாடியில் தூசி படியும், அலுமினியப் பூச்சு மங்கும். அதனால் ஒன்றிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை இருபது டன்னுக்கு மேலான அந்தக் கண்ணாடியைக் கழற்றிக் கீழே கொண்டுபோய்ப் புதுப்பூச்சு பூசுகிறார்கள்.

இந்த இரவுகள் யாருக்கும் சும்மா கிடைப்பதில்லை. விண்ணப்பம் எழுதி, மற்றவர்களோடு போட்டி போட்டு வாங்க வேண்டும். கீழ்பவானி வாய்க்காலில் முறைத் தண்ணீர் வாங்கிய குடும்பத்துக்கு இது சட்டென்று புரியும். நம் முறை வருகிற அன்றைக்கு மடை உடைந்தால் எப்படியோ, அப்படித்தான் தன் முறையில் மேகம் வந்து நிற்கிற வானியலாளர் கதையும். உலகத்தில் மழை மேகத்தைப் பார்த்து மனசு நொந்துபோகிறவர்கள் இருக்கிறார்கள் என்றால் அப்பாரு நம்பமாட்டார்.

மேகமே இல்லாவிட்டாலும் இன்னொரு வில்லங்கம் உண்டு. சித்திரை வெயிலில் தார் ரோட்டின் மேல் கானல் நெளியுமே, அதே மாதிரி ராத்திரிக் காற்றும் நெளிகிறது. நட்சத்திரம் கண் சிமிட்டுவது அதனால்தான். கவிஞருக்கு அது அழகு, வானியலாளருக்குத் தொல்லை. பரனாலின் நான்கு தொலைநோக்கிகளில் ஒன்றிலிருந்து நான்கு லேசர் கதிர்களை மேலே பாய்ச்சி, 90 கிலோமீட்டர் உயரத்தில் உள்ள சோடியம் படலத்தில் செயற்கை விண்மீன்களை உண்டாக்குகிறார்கள். அவை எப்படி நடுங்குகின்றன என்று பார்த்து, இரண்டு மில்லிமீட்டர்கூட இல்லாத ஒரு மெல்லிய கண்ணாடியை 1,170 இயக்கிகளால் நொடிக்குப் பல நூறு முறை வளைத்து நடுக்கத்தைச் சமன் செய்கிறார்கள்.

நமக்குப் பக்கத்திலேயே வேறொரு சாதி இருக்கிறது. மேட்டுப்பாளையம் வழியே ஊட்டி ஏறி முத்தோரைக்குப் போனால் கூண்டும் இல்லை, கண்ணாடியும் இல்லை. 530 மீட்டர் நீள மூங்கிலை நெடுக்கப் பிளந்து மலைச்சரிவில் கிடத்தியது போல ஒரு ரேடியோ தொலைநோக்கி. அகலம் 30 மீட்டர். கிட்டப் போய்ப் பார்த்தால் 24 இரும்புச் சட்டங்களின் மேல் 1,100 மெல்லிய எஃகுக் கம்பிகள், சென்னிமலைத் தறியில் பாவு ஓட்டியது போல, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை இழுத்துக் கட்டியிருக்கும். கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தார் கட்டியது, 1970-ல் வேலை செய்ய ஆரம்பித்தது. அந்தச் சரிவைத் தேடிப் பிடித்ததில்தான் சூட்சுமம். ஊட்டி நிலநடுக்கோட்டுக்கு ஏறத்தாழ 11 பாகை வடக்கே இருக்கிறது. சரிவும் தெற்கு வடக்காக அதே 11 பாகை. அதனால் தொலைநோக்கியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகப் படுத்திருக்கிறது. ஒரே அச்சில் மெல்ல உருட்டினால் போதும், ஒரு வான்பொருளை ஒன்பது மணி நேரத்துக்கு மேல் விடாமல் தொடரலாம். தொலைவிலிருந்து ரேடியோ அலை அனுப்பும் பொருளை நிலா மறைக்கும் நொடியையும் விடும் நொடியையும் குறித்து, அது எங்கே இருக்கிறது, எவ்வளவு பெரியது என்று கணக்கிட்டார்கள். அப்படி நூற்றுக்கணக்கான பொருள்களை அளந்து கிடைத்த கணக்கு, பிரபஞ்சம் என்றும் ஒரே மாதிரி இருந்ததில்லை, வளர்ந்து மாறி வந்தது என்ற பக்கம் சாய்ந்தது.

அங்கே பகலிலும் வேலை நடக்கும், மேகம் போட்டாலும் நடக்கும். கண்ணால் பார்க்கிற சமாச்சாரமே இல்லை. அப்படியானால் அதற்கும் பொருந்துகிற தமிழ்ச் சொல் எது?

இப்போது புழங்குகிற சொற்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்போம். 'விண்வெளி ஆய்வு மையம்' வேண்டவே வேண்டாம், அது ராக்கெட் விடுகிறவர்களுக்குப் போய்விட்டது. தரையில் நின்று பார்க்கிற இடத்துக்கு அது பொருந்தாது. 'கோளரங்கம்' என்பது கூரையில் நட்சத்திரப் படம் காட்டுகிற கொட்டகை. 'வானாய்வகம்' பரவலாக இருக்கிறது, தப்பென்று சொல்லமாட்டேன். ஆனால் ஆய்வகம் என்றதும் பள்ளிக்கூடத்துக் கெமிஸ்ட்ரி லேபும் அமில நாற்றமும்தான் மனசில் வருகின்றன. ஈழத்தமிழர் அப்சர்வேஷனை 'அவதானிப்பு' என்பார்கள். அருமையான சொல், எனக்குப் பிடிக்கும். நம் பக்கம் அவதானம் என்றால் ஒரே நேரத்தில் எட்டு காரியம் செய்கிற அட்டாவதானி வந்து நிற்கிறார். 'கூர்நோக்கு' மிகச் சரியாக இருந்திருக்கும், ஆனால் சட்டத்தில் சிக்கிய சிறுவர்களை வைக்கிற இல்லத்துக்கு அரசாங்கம் அதை முன்னாலேயே கொடுத்துவிட்டது. 'வான்காணகம்' என்றும் எழுதுகிறார்கள். எழுத்தில் அழகு. வாயில் சொன்னால் கானகமாகக் கேட்கும். காவலூரைப் பொறுத்தவரை அதுவும் தப்பில்லை, காட்டுக்கு நடுவில்தான் இருக்கிறது.

என் கை 'வான்நோக்கு நிலையம்' பக்கம்தான் போகும். பார்த்தலுக்கும் நோக்குதலுக்கும் தமிழில் வித்தியாசம் உண்டு. ரோட்டில் போகிறவரைப் பார்க்கிறோம், கருத்து வைத்துத்தான் நோக்குகிறோம். 'என் நோக்கம் அதுவல்ல' என்னும்போது அங்கே கண்ணே கிடையாது, மனசுதான். அதனால் ரேடியோ அலை வாங்குகிற முத்தோரைக்கும் அது ஒத்துவரும். தொலைநோக்கி என்ற சொல் ஏற்கெனவே ஊன்றிவிட்டதால், நோக்கி இருக்கிற இடம் நோக்கு நிலையம் என்று பிள்ளைகளுக்கும் எளிதில் ஏறும்.

பரனாலிலும் ஒரு பெயர்க் குழப்பம் நடந்தது. நான்கு தொலைநோக்கிகளுக்கும் அந்த நாட்டுப் பழங்குடியான மபூச்சே மக்களின் மொழியிலிருந்து பெயர் எடுத்தார்கள். பெயர்களைச் சொன்னவர் போட்டியில் வென்ற ஒரு பள்ளி மாணவி. ஆன்டு சூரியன், குயேயென் நிலா, மெலிபால் தென்சிலுவை. நான்காவதான யெபுனுக்கு, வானத்திலேயே பளிச்சென்று தெரியும் விண்மீனான சிரியஸ் என்று முதலில் பொருள் சொன்னார்கள். பிறகு விசாரித்தால் அது சிரியஸ் இல்லை, சாயங்காலத்தில் தெரிகிற வெள்ளி, நம் விடிவெள்ளியின் அந்திக் கோலம்.

கவலையால் கிணற்றுத் தண்ணீர் இறைத்த காலத்தில் விடிவெள்ளியைப் பார்த்து மாடு பூட்டியவர் அப்பாரு. இதைச் சொன்னதும் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு கேட்டார்: "அத்தாச்சோடு கண்ணாடிய வெச்சுக்கிட்டு, வெள்ளி எதுன்னு ஊர்க்காரங்களக் கேட்டுத்தான் தெரிஞ்சுக்கிட்டாங்களாக்கும்?"

"ஆமாங் அப்பாரு."

"அப்ப மழையப் பத்தி அவிங்ககிட்டக் கேக்காம வந்ததே நல்லதாப் போச்சு."