நோயா, ஊர் வழக்கமா?

மூளையின் நெற்றிமடலும் பொட்டுமடலும் சுருங்குவதால் வரும் ஃபிரன்டோடெம்போரல் டிமென்ஷியா, பெரும்பாலும் 45 முதல் 65 வயதுக்குள் தொடங்கும் நோயாகும். அதன் ஒரு வகையில் நினைவாற்றல் தொடக்கத்தில் ஓரளவு நன்றாகவே இருக்க, பிறர் மனத்தை அறிந்து நடக்கும் திறன் முதலில் குலைகிறது. இழவு வீட்டில் சிரிப்பதும், மனைவி அழுதாலும் பொருட்படுத்தாமல் இருப்பதும் அதன் அடையாளங்கள்.

இத்திறனை அளக்கும் சோதனைகளில் ஒன்று கதை வடிவிலானது. புதிதாகத் திரைச்சீலை வாங்கி மாட்டியிருக்கும் தோழியிடம், அது தெரியாமல், "இவை அசிங்கமாக இருக்கின்றன, மாற்றிவிடு" என்று ஒருத்தி சொல்லிவிடுகிறாள். சொல்லத்தகாததை யாரேனும் சொன்னார்களா என்று நோயாளியிடம் கேட்பார்கள். ஆனால் எது சொல்லத்தகாதது என்பதை ஒவ்வொரு சமூகமும் தன் வழக்கப்படியே வரையறுக்கிறது. "என்ன இப்படி இளைத்துவிட்டாய்?" என்பது நம் வீடுகளில் அக்கறையின் பேச்சு, வேறிடங்களில் அதுவே மரியாதைக் குறைவாகிவிடும்.

கண்களை மட்டும் காட்டும் படங்களைப் பார்த்து உணர்ச்சியைக் கண்டறியும் சோதனையும் இதற்கு விலக்கன்று. 2010இல் வெளியான ஓர் ஆய்வில் ஜப்பானியரும் அமெரிக்கரும் தத்தம் இனத்தவரின் கண்களையே கூடுதல் துல்லியமாகப் படித்தனர். 2022இல் 12 நாடுகளின் நலமான மனிதர்களிடம் பிறர் மனத்தை அறியும் திறனை ஒரே சோதனையால் அளந்தபோதும் மதிப்பெண்கள் நாட்டுக்கு நாடு வேறுபட்டன. ஒரு நாட்டில் வகுத்த தேர்ச்சி மதிப்பெண்ணை அப்படியே இன்னொரு நாட்டில் பயன்படுத்தினால், நலமானவர் நோயாளி ஆக்கப்படலாம். உண்மையான நோயாளி தப்பிவிடவும் கூடும். பெங்களூரிலுள்ள நிம்ஹான்ஸ் மனநல நிறுவன மருத்துவர்கள், மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) நோயாளிகளுக்கான இத்தகைய சோதனைகளை இந்தியச் சூழலுக்கேற்ப மாற்றியமைத்து, 2011இல் 'சோக்ரேட்டிஸ்' என்ற தொகுப்பாக வெளியிட்டது, அதனால்தான் மிக முக்கியமான பணி என்று கருதுகிறேன்.

பண்பாடு சோதனைத்தாளில் மட்டும் இல்லை, மூளைக்குள்ளும் இருக்கிறது. பணிவு, நாணம், நன்றி போன்ற சமூகக் கருத்துகளின் பொருளை அறிவதில் பொட்டுமடலின் முன்பகுதிக்குப் பெரும்பங்கு உண்டு. சிறுவயது முதல் சுற்றத்தாரிடமிருந்து கற்ற இவ்வறிவைத்தான் நோய் அரிக்கிறது. ஆகவே ஒருவர் இழந்தது என்ன என்பதை அவர் வளர்ந்த சூழலை அறியாமல் சொல்ல முடியாது.

நடத்தையை முதலில் குலைக்கும் இந்நோய் வகைக்கென 2011இல் வெளியான பன்னாட்டு வரையறை ஆறு அறிகுறிகளைத் தருகிறது. அவற்றுள் ஐந்து நடத்தை மாற்றங்கள். அவற்றை அறிய மருத்துவர் பெரும்பாலும் குடும்பத்தாரின் சொல்லையே நம்ப வேண்டியிருக்கிறது. "வயதானால் கோபம் வரத்தானே செய்யும்" என்று அவர்கள் பொறுத்துக்கொண்டால் நோயறிதல் ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போகக்கூடும் என்பதால், "இவர் முன்பும் இப்படித்தான் இருந்தாரா?" என்ற கேள்வியை மருத்துவரே முதலில் கேட்டாக வேண்டும்.