ரிக் என்றால் மோசடியா?

காவேரிப்பாக்கம் ஏரிக்கரையில் விராலுக்கு ரப்பர் தவளை வீசிக்கொண்டிருந்தோம். அக்கா மகன் கைப்பேசியை நீட்டினான். ஏதோ அமெரிக்கக் காணொளி; அடியில் தமிழ் வரி: "மென் நெகிழிப் புழுவை டெக்சாஸ் மோசடி செய்வது எப்படி?"

"மாமா, இது சீட்டுக் கம்பெனி சமாச்சாரமா?"

இந்த மோசடியை நான் பார்ப்பது இது மூன்றாவது தடவை.

காணொளியில் இருந்தது 'டெக்சாஸ் ரிக்' (Texas rig). ரிக் கப்பல்காரர் சொல். பாய்மரத்தில் கயிறும் பாயும் பூட்டுவது. ஸ்காண்டிநேவிய மூலம் என்பார்கள். தேர்தலில் மோசடி செய்வதைச் சொல்லும் ரிக்கிங் வேறு கதை. தூண்டில்காரனுக்கு முள், ஈயம், இரை மூன்றையும் தூண்டில் நரம்பில் சேர்க்கும் விதம்தான் ரிக்.

'மோசடி' மொழிபெயர்ப்பு எந்திரத்தின் பிழை, சிரித்துவிட்டுப் போகலாம். ரிக்குக்கு மனிதர்களே யோசித்து எழுதும் 'இரை அமைப்பு'தான் எரிச்சல். அமைப்பு என்றால் சங்கமா, கட்டடமா, கைப்பேசி செட்டிங்ஸா? ஒரு சொல்லை எத்தனை வேலைக்குத்தான் அனுப்புவது! எழுதியவர் டெக்சாஸ் ரிக்கை ஒரு தடவையாவது கையால் செய்து பார்த்திருக்க வேண்டும். கூம்பு ஈயத்தை நரம்பில் விட்டு முள்ளைக் கட்டுகிறோம். முனையை ரப்பர் புழுவின் தலைக்குள் கால் அங்குலம் இறக்கி, பக்கவாட்டில் வெளியே எடுத்து, முள்ளின் காது (நரம்பைக் கட்டும் ஓட்டை) வரை இழுக்கிறோம். பிறகு முள்ளைத் திருப்பி, முனையைப் புழுவின் உடம்புக்குள்ளேயே புதைக்கிறோம். அதனால்தான் பாசியிலும் கோரையிலும் மாட்டாது. இதில் எங்கே அமைக்கிறோம்? கோர்க்கிறோம். மண்புழுவை முள்ளில் ஏற்றும் ஏரிக்கரைப் பொடியன்களும் 'கோர்த்துட்டியாடா' என்றுதான் கேட்பார்கள்.

'கோத்தல்' அல்லவா சரி என்று ஒருவர் வருவார். சரிதான் ஐயா. ஆனால் அதிலிருந்து பிறந்த 'கோப்பு' தாலுகா ஆபீஸ் பீரோவுக்குள் போய்விட்டதே! ஆகவே என் ஓட்டு 'கோர்ப்பு'க்கு. டெக்சாஸ் கோர்ப்பு. ஈயத்தை முள்ளருகே விடாமல், மேலே தள்ளிச் சுழல்வளையத்தில் தடுத்து நிறுத்தினால் கரோலினா கோர்ப்பு. புழுவின் இடுப்பில் குத்தி இரு பக்கமும் தொங்கவிடும் வாக்கி ரிக்கை நடுக்கோர்ப்பு எனலாம்.

1949இல் ஒஹாயோவின் அக்ரான் நகரில் நிக் கிரீம் வார்த்த பிளாஸ்டிக் புழுவுக்கு 'ரப்பர் புழு' போதும். அதே காணொளிகளில் வரும் பாஸ் (bass) மீனைக் 'கொடுவா' ஆக்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: கொடுவா நம் கடற்கரை, கழிமுக மீன். அமெரிக்க ஏரிப் பாஸ் வேறு குடும்பம். பாஸ் பாஸாகவே இருக்கட்டும். இசையின் அடித்தொனிக்கும் ஆங்கிலத்தில் bass என்றே எழுத்து; 'அடித்தொனி மீன்' என்றும் ஒருமுறை படித்தேன். அதை எழுதியவரை என்ன செய்வது?

இவ்வளவும் சொல்லி முடித்தேன். பயல் புழுவைக் கோர்த்துவிட்டு நிமிர்ந்தான்.

"மாமா, மோசடி பண்ணிட்டேன். வீசட்டுமா?"