டைகர் நட் வளர்க்கலாம், தரையில் மட்டும் வேண்டாம்

சேலம் அஸ்தம்பட்டியில் ஒரு வீட்டுத் தோட்டம் பார்க்கப் போயிருந்தேன். அந்த வீட்டு அக்கா ஒரு கைப்பிடி டைகர் நட்டைக் காட்டி, "கொய்யா மரத்தடியில போட்டுடலாமா சார்? தானா வந்துடுமாமே" என்றார்.

"தானா வரும்க்கா. பிரச்சினையே அதுதான்" என்றேன்.

பெயரில் நட் இருந்தாலும் இது கொட்டை இல்லை, கிழங்கு. மரவள்ளிக் காட்டில் களை எடுக்கிறவர்களிடம் கோரை என்று சொல்லிப் பாருங்கள், முகம் மாறிவிடும். அந்தக் கோரைக்கு இது பங்காளி. ஸ்பெயினின் வலென்சியாவில் இதைப் பயிரிட்டு, பால் பிழிந்து ஓர்ச்சாட்டா என்ற பானம் செய்கிறார்கள். நைஜீரியாவிலும் பயிராகிறது. ஆனால் இதே செடியின் காட்டு வகை உலகின் பல இடங்களில் பெரிய களை. பயிர் வகை அவ்வளவு முரடு இல்லை, பூப்பதே அபூர்வம். ஆனாலும் மண்ணில் தங்கிய கிழங்கு முளைக்காமல் விடாது.

பட்டுத்தான் சொல்கிறேன். முதல் தடவை பையில் வளர்த்து, அறுவடை முடிந்ததும் அந்த மண்ணை அப்படியே கறிவேப்பிலைப் பாத்தியில் கொட்டினேன். இரண்டு மழைக்கு அப்புறம் பாத்தி முழுக்கப் பச்சை ஊசி! பிடுங்கினால் தாள் கையோடு வரும், கிழங்கு உள்ளேயே நிற்கும். அடுத்த வருஷமும் தோண்டிக்கொண்டிருந்தேன்.

அதனால் பை அல்லது பழைய பக்கெட்தான். நம்ம ஊர்ச் செம்மண்ணோடு மணலும் மக்கிய உரமும் கலந்து பொலபொலவென்று இருக்கட்டும். இறுகிய மண்ணில் கிழங்கு பருக்காது. கடையில் தோல் உரித்ததையோ வறுத்ததையோ வாங்கி நட்டுவிட்டுக் காத்திருக்காதீர்கள், முளைக்காது. தோலோடு இருப்பதை ஒரு நாள் ஊறவைத்து, ஓர் அங்குல ஆழத்தில், அரையடி இடைவெளியில் ஊன்றுங்கள். நான் மாசியில் போடுவேன். ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் மூன்று, நான்கு மாதத்தில் தாள் பழுக்கும். தோண்டியதைக் காய வைக்க வைகாசி வெயில் கைகொடுக்கும். ஏற்காட்டில் இருப்பவர்கள் பனி விலகிய பிறகு நடுங்கள், குளிர் இதற்கு ஆகாது.

பைக்குள் உண்மையான கோரையும் சேர்ந்து வளரும். தாளை வைத்துக் கண்டுபிடிப்பது கஷ்டம், இரண்டுமே கிட்டத்தட்ட ஒன்றுபோல இருக்கும். தோண்டிப் பாருங்கள். கோரைக் கிழங்கு கயிற்றில் முடிச்சுப் போட்டதுபோல வரிசையாகக் கோத்திருக்கும், கடித்தால் கசக்கும். டைகர் நட் ஒவ்வொரு வேர்நுனியிலும் ஒற்றையாகத் தொங்கும், இனிக்கும்.

தோண்டிய மண்ணைச் சல்லடையில் சலித்த பிறகும் அதே பையிலேயே வைத்திருங்கள். சலிப்பில் தப்பிய கிழங்கே அடுத்த போகத்துக்கு விதை. பையைத் தரையில் வைக்காமல் செங்கல் மேல் தூக்கி வையுங்கள். இல்லாவிட்டால் அடி ஓட்டை வழியாகச் செடி தரைக்குள் இறங்கிவிடும். அக்கா வீட்டில் இரண்டு பெயின்ட் பக்கெட் கிடைத்தது. கொய்யா தப்பித்தது.