போக்சோ வழக்கில் இழப்பீடு: தீர்ப்பு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை

போக்சோ, அதாவது பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டத்தில், வழக்கு பதிவான வீடுகளில் இழப்பீடு பற்றிப் பேச்செடுத்தால் பெரும்பாலும் இரண்டு பதில்கள்தான் வரும். ‘கேஸ் முடியட்டும், அப்புறம் பார்க்கலாம்’ என்பது ஒன்று. ‘காசுக்காகத்தான் கேஸ் போட்டாங்கன்னு ஊர் பேசும்’ என்பது இன்னொன்று. இந்த இரண்டு தயக்கத்தாலும் பிள்ளைக்குச் சட்டப்படி சேர வேண்டிய பணம் கேட்கப்படாமலே போய்விடுகிறது.

2012 நவம்பர் 14 முதல் நடைமுறையில் இருக்கும் போக்சோ சட்டம் 18 வயதுக்குட்பட்ட எல்லோருக்கும் பொருந்தும், ஆண் பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான். இழப்பீடு பற்றிய விவரம் 2020ஆம் ஆண்டு விதிகளில் 9ஆவது விதியில் இருக்கிறது. எஃப்.ஐ.ஆர். பதிவானதும், அதற்குப் பிறகு எந்தக் கட்டத்திலும், சிறப்பு நீதிமன்றம் இடைக்கால இழப்பீடு தர உத்தரவிடலாம். பிள்ளையின் தரப்பில் மனு போடலாம். மனு இல்லாமல் நீதிபதி தாமாகவும் உத்தரவிடலாம். இப்படித் தரும் தொகை, கடைசியில் தரும் இழப்பீட்டில் கழித்துக்கொள்ளப்படும்.

குற்றம் சாட்டப்பட்டவர் விடுதலையாகிவிட்டாலும், ஆள் யாரென்றே தெரியாமல் போனாலும், பிள்ளைக்குப் பாதிப்பு ஏற்பட்டிருக்கிறது என்று நீதிமன்றம் கருதினால் இழப்பீடு உண்டு. ஏனென்றால் இந்தப் பணம் குற்றவாளியின் பையிலிருந்து வருவதில்லை. மாநில அரசின் இழப்பீட்டு நிதியிலிருந்து வருகிறது. நீதிமன்ற உத்தரவு கிடைத்த 30 நாட்களுக்குள் அரசு அதைக் கொடுத்தாக வேண்டும்.

ஊர்ப்பேச்சுக்குப் பயப்படுகிறவர்களிடம் நான் அழுத்திச் சொல்வது இதைத்தான். குற்றம் செய்தவன் வீட்டிலிருந்து நாலு பெரிய மனிதர்களைக் கூட்டிவந்து ‘ஏதாவது வாங்கிக்கொண்டு விட்டுவிடுங்கள்’ என்று பேசுகிறார்களே, அது வேறு. அது பிள்ளையின் வாயை அடைக்கக் கொடுக்கும் பணம். போக்சோ குற்றங்களைச் சமரசமாக முடித்துக்கொள்ளச் சட்டத்தில் இடமில்லை. ஆசிரியர் மீதான ஒரு வழக்கைச் சமரசத்தின் பேரில் ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் ரத்து செய்தபோது, 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவைத் தள்ளுபடி செய்து வழக்கைத் தொடரச் சொன்னது. அரசு தரும் இழப்பீடு பிள்ளையின் உரிமை. அதை வாங்குவதில் தலைகுனிவதற்கு ஒன்றுமே இல்லை.

இழப்பீட்டு உத்தரவுக்கும் கொஞ்சம் நாளாகும். அதுவரை சாப்பாடு, துணிமணி, போக்குவரத்து போன்ற உடனடிச் செலவுக்கு மாவட்டத்தில் இருக்கும் குழந்தைகள் நலக் குழு பரிந்துரை செய்யலாம் என்கிறது 8ஆவது விதி. பரிந்துரை கிடைத்த ஒரு வாரத்துக்குள் பணம் தர வேண்டும். பலரும் இதைக் கேட்பதே இல்லை. போலீஸார் 24 மணி நேரத்துக்குள் அந்தக் குழுவுக்குத் தகவல் தர வேண்டும். தந்தார்களா என்று நீங்களே கேட்டுவிடுங்கள். வழக்கு முடியும்வரை பிள்ளைக்குத் துணையாக இருக்க ஓர் ஆதரவு நபரை நியமிப்பதும் அந்தக் குழுதான்.

சரி, எவ்வளவு கிடைக்கும்? நீதிமன்றம்தான் முடிவு செய்யும். தேசிய சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் 2018 இழப்பீட்டுத் திட்டத்தை போக்சோ நீதிமன்றங்கள் வழிகாட்டியாகக் கொள்ளலாம் என்று உச்ச நீதிமன்றம் அந்த ஆண்டே சொன்னது. அதன்படி பாலியல் வன்புணர்வுக்கு 4 முதல் 7 லட்சம் ரூபாய், கூட்டு வன்புணர்வுக்கு 5 முதல் 10 லட்சம். பாதிக்கப்பட்டவர் மைனர் என்றால் இந்தத் தொகை 50 சதவீதம் கூடும். அந்தத் திட்டப்படி, மைனருக்குத் தரும் தொகையில் 80 சதவீதம் நிரந்தர வைப்பில் இருக்கும். 18 வயதான பிறகுதான் எடுக்கலாம். படிப்பு, மருத்துவம் போன்ற அவசரத்துக்கு முன்பே கேட்கவும் வழி உண்டு.

தொகையை முடிவு செய்யும்போது காயத்தை மட்டும் பார்ப்பதில்லை. மனப் பாதிப்பு, ஒருமுறை நடந்ததா தொடர்ந்து நடந்ததா, செய்தவர் உறவுக்காரரா, கர்ப்பம் உண்டானதா, சிகிச்சைச் செலவு, குடும்பத்தின் வசதி, பள்ளிக்குப் போகாத நாட்கள் எல்லாம் கணக்கில் வரும். அதனால் மனுவோடு சின்னச் சின்னக் காகிதங்களையும் சேருங்கள். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை அரையாண்டுத் தேர்வு எழுதவில்லை என்றால், தலைமையாசிரியரிடம் வருகைப் பதிவின் நகல் வாங்குங்கள். மனநல மருத்துவரிடம் போன ஒவ்வொரு முறையும் தந்த ஓ.பி. சீட்டு, மருந்துக் கடை பில், பஸ் டிக்கெட் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு வையுங்கள். வாய்ச்சொல்லாக ‘ரொம்பச் செலவாச்சு’ என்று சொல்வதைவிட அந்தப் பைக்கு நீதிமன்றத்தில் மதிப்பு அதிகம்.

மனுவை யார் எழுதுவது? அரசுத் தரப்பில் சிறப்பு அரசு வழக்கறிஞர் இருப்பார். அவரைத் தவிர, தங்களுக்கென்று ஒரு வக்கீலை வைத்துக்கொள்ள போக்சோ சட்டத்தின் 40ஆவது பிரிவு குடும்பத்துக்கு உரிமை தருகிறது. வசதி இல்லையென்றால் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் தர வேண்டும். மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே அதன் அலுவலகம் இருக்கும். போனில் என்றால் 15100. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் இந்த உதவிக்கு வருமான வரம்பு கிடையாது. புகாருக்கே இன்னும் போகவில்லை என்றால் குழந்தைகள் உதவி எண் 1098க்கு அழைக்கலாம்.

பிள்ளையைக் கோர்ட்டுக்குக் கூட்டிப்போகப் பயப்படுகிறவர்களுக்கு: பிள்ளை சொல்வதை வீட்டிலேயோ பிள்ளை விரும்பும் இடத்திலேயோதான் பதிவு செய்ய வேண்டும், அப்போது போலீஸார் சீருடையில் வரக் கூடாது. விசாரணை மூடிய அறையில் நடக்கும். எதிர்த்தரப்பு வக்கீல் நேரடியாகக் கேள்வி கேட்க முடியாது, நீதிபதி வழியாகத்தான் கேட்கலாம். குற்றம் சாட்டப்பட்டவர் பிள்ளையின் கண்ணில் படாதபடி பார்த்துக்கொள்வதும் நீதிமன்றத்தின் கடமை. பெயர், பள்ளி, முகவரி எதையும் வெளியிடக் கூடாது. அரசு மருத்துவமனையோ தனியாரோ, எஃப்.ஐ.ஆர். இல்லை என்று சொல்லி அவசர சிகிச்சையை மறுக்க முடியாது.

சிறு வயதில் நடந்ததை இருபது, முப்பது வயதில்தான் வெளியே சொல்ல முடிகிறவர்கள் நிறையப் பேர். இத்தனை வருஷம் சும்மா இருந்தாயே என்று அவர்களைக் கேட்பது கொடுமை. மூன்று ஆண்டுக்கு மேல் தண்டனை உள்ள குற்றங்களில் வழக்குத் தொடரக் கால வரம்பு இல்லை. ஆனால் 2012 நவம்பர் 14க்கு முன் நடந்திருந்தால் போக்சோ பொருந்தாது, அன்றைய இந்திய தண்டனைச் சட்டப் பிரிவுகள்தான். அவற்றில் வன்புணர்வுக்குக் கால வரம்பு இல்லை; அப்போது இரண்டு ஆண்டு தண்டனை மட்டுமே இருந்த மானபங்கப் பிரிவு போன்றவற்றுக்கு உண்டு. அதனால் வக்கீலைப் பார்க்கப் போகுமுன், எந்த ஆண்டு, எந்த வகுப்பு படித்தபோது நடந்தது என்பதை நினைவில் இருக்கும் அளவுக்கு எழுதிக்கொண்டு போங்கள். எந்தச் சட்டம் பொருந்தும் என்பதை அவர் அதை வைத்துத்தான் பார்ப்பார்.